வயிறு நிறைந்ததா, ஓடிவிட்டதா?

கேள்வி: ஆன்லைனில் சீன மொழி படிக்கிறேன். ‘பாவ்’ என்றால் வயிறு நிறைந்தது, கொஞ்சம் மாற்றிச் சொன்னால் ஓடு என்கிறார் ஆசிரியை. தொனியும் ஒன்றேதானாம். என் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது. எதை வைத்துப் பிரிப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: மூச்சை வைத்து. ஆங்கில எழுத்தில் bao, pao என்று பார்த்துப் படிப்பதால் முதலாவதை ‘பஸ்’ மாதிரியும் இரண்டாவதைப் ‘பல்’ மாதிரியும் சொல்லிப் பார்ப்பீர்கள், அங்கேதான் வம்பு. நீங்கள் படிக்கும் மாண்டரினில் (சீனாவின் பொது மொழி) இரண்டுமே தொண்டை அதிராத ஒலிகள். வயிறு நிறைந்ததற்குப் ‘பால்’ என்று ஆரம்பிப்பதுபோல் ஆரம்பித்தால் போதும், அது நமக்குச் சும்மாவே வரும். ஓடுவதற்குத்தான் உதடு திறந்ததும் காற்று புஸ்ஸென்று வர வேண்டும். வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள், ஓடும்போது மட்டும் தாள் நன்றாக ஆட வேண்டும். த, க வரிசைகளிலும் இதே கதைதான்: ‘கோவ்’ என்று மூச்சில்லாமல் சொன்னால் நாய், மூச்சோடு சொன்னால் வாய். இந்தியிலும் இப்படி மூச்சோடு வரும் ஒலிகள் உண்டு என்பதால் இந்தி தெரிந்தவர்களுக்கு இது சுலபம், ஆனால் நமக்கு ழகரம் இருக்கிறதே! மனிதனைக் குறிக்கும் ‘ழென்’ நம் ழ-வுக்கு ரொம்பப் பக்கம். சிலர் கொஞ்சம் உரசலோடு சொல்வார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய புத்தகங்களில் ‘பீகிங்’ என்று இருக்கிறது, இப்போது பெய்ஜிங் என்கிறோம். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்களா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை, அதே பெயர்தான். வடக்குப் பேச்சில் இகரத்துக்கு முன் வந்த ககரம் காலப்போக்கில் சகரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. கன்னடத்தில் ‘கிவி’, நமக்குச் ‘செவி’ இல்லையா, அந்த மாதிரி. பழைய ஒலியைப் பிடித்து எழுதியது பீகிங். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுத 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையில் எழுதியது பெய்ஜிங். அந்த ‘ஜி’யும் உண்மையில் ஜகரம் இல்லை, ‘பச்சை’யில் வரும் ச்ச-வுக்குத்தான் நெருக்கம்.

ஹாங்காங் பக்கம் போனால், அங்கே பேசும் தெற்குச் சீன மொழியான காண்டனீஸில் இன்னும் ‘பக்-கிங்’தான். ‘பக்’கின் கடைசி க்-கையும் கவனியுங்கள். மாண்டரினில் அசையின் முடிவில் ன், ங் தவிர மற்ற மெய்கள் அநேகமாக உதிர்ந்துவிட்டன (நாக்கை மடக்கும் ஓர் ஒலி மட்டும் சில இடங்களில் உண்டு), காண்டனீஸிலோ ப், த், க், ம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பத்து என்பது மாண்டரினில் ‘ஷி’, காண்டனீஸில் ‘சப்’. நாடு இங்கே ‘குவோ’, அங்கே ‘குவோக்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தாங் அரச மரபின் காலத்துக் கவிதைகள் சிலவற்றில், மாண்டரினில் படித்தால் இடறும் இயைபு காண்டனீஸில் சரியாகப் பொருந்திவிடுவதும் இதனால்தான்.