வாசகர் கேள்வி, எங்கள் பதில்: மேடையிலிருந்து இறங்கி வரும் கிட்டார்

கேள்வி: சிகாகோவில் கிட்டார் கலைஞர் பட்டி கய் அவர்களின் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டிசை) நிகழ்ச்சியை அவருடைய கிளப்பிலேயே கேட்டேன். ஒரு பாடலின் நடுவே, பக்கத்து மேசையில் குவளை வைக்கும் ஓசை கேட்கும் அளவுக்குக் கிட்டாரைத் தணித்தார். பிறகு வாசித்துக்கொண்டே இறங்கி நாற்காலிகளுக்கிடையே நடந்து வந்தார். இவை இசையைச் சேர்ந்தவையா, கூட்டத்தைக் கவரும் உத்திகளா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். 1936இல் லூசியானாவில் குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்து, பருத்தி பறித்து வளர்ந்த பட்டி கய், இளமையில் கிட்டார் ஸ்லிம் என்ற கலைஞர் மிக நீளமான ஒயரைக் கிட்டாரில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தபடியே வாசித்ததைப் பார்த்து வியந்தவர். 1957இல் சிகாகோவுக்கு வந்தபின் அதே வழக்கத்தைத் தாமும் மேற்கொண்டு, சில இரவுகளில் கிளப்பின் வாசலைக் கடந்து தெருவுக்கே போய் வாசித்தார். இப்போது ஒயர் இல்லை. நடை மட்டும் நிலைத்திருக்கிறது. நீங்கள் கண்டது அவர் தம் முன்னோடியிடமிருந்து பெற்ற பாடம்.

ஒலியைத் தணிப்பது இதைவிட நுட்பமானது. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றுகள், கொண்ட புளூஸில் முதல் வரியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் வரியில் விடை சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எஞ்சும் இடத்தில் கிட்டார் பேசும். அந்த இடத்தில் அவர் இடக்கை விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுவார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய செவிக்கு, இரண்டு சுரங்களுக்கு நடுவில் அந்த ஒலி தங்கி நிற்பது உடனே பிடிபடும். ஆம்ப்ளிஃபையர் முழங்கும்போது அந்த இடைநிலை மறைந்துவிடக்கூடும். ஒலியைக் குறைத்தால் விரல் அழுத்தத்தின் சிறு மாற்றமும் கேட்கும், ஆனால் அறை சிறியதாக இருக்க வேண்டும். பல்லாயிரம் பேர் கூடும் திறந்தவெளி அரங்கில் அவ்வளவு மெல்லிய வாசிப்பு கடைசி வரிசையை எட்டுமா என்பது ஐயமே.

இசைத்தட்டிலும் இது எளிதில் வந்துவிடவில்லை. அறுபதுகளில் சிகாகோவின் இசைத்தட்டு நிறுவனமான செஸ் அவரைப் பிறருடைய பாடல்களுக்கு வாசிக்க வைத்ததே தவிர, கிளப்புகளில் அவர் வாசித்த ஆவேசமான முறையைப் பதிவு செய்ய முன்வரவில்லை. பகலில் அவர் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனவே, 1989இல் அவர் தம் பெயரிலேயே ஒரு கிளப்பைத் திறந்ததையும், உலகம் சுற்றும் புகழ் வந்தபின்னும் ஜனவரி மாதங்களில் அங்கு திரும்பி வந்து வாசிப்பதைப் பல்லாண்டு வழக்கமாக வைத்திருந்ததையும் வெறும் வணிகமாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அந்தச் சிறிய அறையின் உணர்வைத் தரும் ஒலிப்பதிவு ஒன்றைக் கூறுங்கள்.
- அதே வாசகர்

பதில்: 1965இல் டெல்மார்க் நிறுவனம் பதிவு செய்த ‘ஹூடூ மேன் புளூஸ்’. பாட்டும் மவுத் ஆர்கனும் ஜூனியர் வெல்ஸ். உடன் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டுமே. கிட்டார் வாசித்தவர் பட்டி கய்தான் என்றாலும், செஸ் நிறுவனத்துடன் அவருக்கு ஒப்பந்தம் இருப்பதாகக் கருதப்பட்டதால், முதல் பதிப்பின் உறையில் அவருக்கு வேறு பெயர் இட்டார்கள். பதிவின் நடுவே அவருடைய ஆம்ப்ளிஃபையர் பழுதாக, அதைச் சரிசெய்யும் வரை ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகைக் கருவிக்குரிய சுழலும் ஒலிபெருக்கியின் வழியே கிட்டாரைச் செலுத்தினார்கள். சில பாடல்களில் கிட்டாரின் ஒலி அலையலையாக நெளிவது அதனால்தான்.