மூளையில் நீர் சேர்ந்தால் நியூரான் என்னாகும்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நடை தடுமாறுகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை. மூளையில் நீர் சேர்ந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. மூளை செல்கள் நசுங்கிவிடுமா? ஷண்ட் (நீரை வடிக்கும் குழாய்) வைத்தால் சரியாகுமா?

பதில்: திடீரென அழுத்தம் ஏறும்போது, நசுங்குவதற்கு முன்பே நியூரான் (மூளையின் நரம்புச் செல்) ரத்தமின்றிப் பட்டினி கிடக்கும். மண்டையோடு விரியாது. சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால், மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை கிடைக்கும். மி.மீ. பாதரச அளவில், 90-இல் 10 போனால் 80, போதும். உள்ளழுத்தம் 45 ஆனால் மிச்சமும் 45-தான், போதாது. ஆக்சிஜன் குறைந்ததும் சோடியத்தை வெளியே தள்ளும் செல்லின் சோடியம் பம்ப் நிற்கிறது. சோடியம் உள்ளேயே தங்க, தண்ணீரும் பின்னால் போய் செல் வீங்குகிறது. வீக்கம் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இந்தச் சுழலை மணிக்கணக்கில் விட்டுவைக்க முடியாது.

உங்கள் அப்பாவின் அறிகுறிகள் வேறு கதையைச் சொல்கின்றன. முதுமையில் வரும் இந்த வகையில் அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மூளையின் நீரறைகள்தான் மெல்ல விரிகின்றன. அவற்றை ஒட்டி ஓடும் ஆக்ஸான்கள் (நியூரானின் நீண்ட இழைகள்) இழுபட்டு, சமிக்ஞை தாமதமாகிறது; நியூரானின் உடல் இருக்கும் புறணி (மூளையின் மேலடுக்கு) நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சிகிச்சைக்கு இடமிருக்கிறது. ஆனால் அறுந்துபோன ஆக்ஸான் மூளைக்குள் திரும்ப வளராது, தள்ளிப்போடாதீர்கள்.

ஷண்டுக்கு முன், முதுகில் ஊசி போட்டு முதுகுத்தண்டிலும் ஓடும் அதே மூளை நீரில் 30 முதல் 50 மி.லி. எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால் நல்ல அறிகுறி. தேறாவிட்டாலும் ஷண்ட் பயன்படாது என்று முடிவுகட்டக் கூடாது. ஷண்டுக்குப் பிறகு நடைதான் அதிகம் தேறும், ஞாபகம் குறைவாகவே. குழாய் அடைபடலாம், கிருமி தொற்றலாம். நீர் அளவுக்கு மீறி வடிந்தால் மூளை சுருங்கி, மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசியலாம். புதிதாகத் தலைவலியோ தூக்கக் கலக்கமோ வந்தால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: எந்தத் தலைவலிக்கு அஞ்ச வேண்டும்?

பதில்: படுத்தால், இருமினால் கூடுவது, விடியலில் வாந்தியோடு வருவது, இரட்டைப் பார்வையோடு வருவது. மயக்கநிலை, ஒரு கண்மணி மட்டும் விரிதல், ரத்த அழுத்தம் ஏறி நாடி குறைதல் ஆகியவை அவசரம். அப்போது ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போடக் கூடாது. கட்டி இருந்தால் மூளை கீழே இறங்கி மூளைத்தண்டை அழுத்திவிடும்.

கேள்வி: தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் மூளை நீர் குறையுமா?

பதில்: குறையாது. மூளைக்குள் உள்ள கோராய்டு பின்னல் என்ற திசு நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. மூளை நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது 150 மி.லி. அளவுதான். சிக்கல் நீர் வடியும் வழியில், குடிக்கும் தண்ணீரில் அல்ல.