உடற்கல்வி வகுப்பில் பிலிப்பைன்ஸின் தெருவாட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பழைய ஆட்டங்களை நிஜமாகவே சொல்லித்தருகிறார்களா, விழாவுக்கு மட்டும்தானா?

பதில்: இரண்டும் உண்டு. இந்தப் பழைய ஆட்டங்களை 'லாரோ நாங் லாஹி' என்று மொத்தமாகச் சொல்வார்கள். தொடக்கப்பள்ளி உடற்கல்விப் பாடத்திலேயே, செருப்பை எறிந்து டின்னை விழவைக்கும் தும்பாங் பிரேசோ போன்றவை இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் ஆகஸ்ட் மாத மொழி விழாவில் ஆடிக் காட்டுவதோடு சரி. ஒரு நாள் ஆடியதைப் பிள்ளைகள் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வாராவாரம் ஆடினால்தான் உடம்பில் ஊறும். அதனால் உடற்கல்வி வேளையைத்தான் நான் நம்புகிறேன்.

கேள்வி: என் வகுப்பில் 50 பேர். காவலர் நிற்கும் கோடுகளைத் தாண்டி ஓடும் பத்தின்தேரோவில் அணிக்கு ஐந்து பேரை இறக்கினால் மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியதுதானா?

பதில்: நிற்க விடாதீர்கள். சுண்ணக்கட்டியாலோ தண்ணீர் ஊற்றியோ நான்கு களம் போடுங்கள். 40 பேர் ஆடட்டும், மீதி 10 பேர் கோட்டு நடுவர்கள். சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். காவலர்கள் குறுக்குக் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. ஒருவர் மட்டும் நடுக்கோட்டில் நெடுகப் போய்வரலாம். எதிரணி தொடுபடாமல் கடைசிக் கோடு வரை போய்த் திரும்ப வேண்டும்.

கவனித்துப் பாருங்கள், இதில் ஜெயிக்கிறவள் வேகமாக ஓடுகிறவளாக இருக்கவேண்டும் என்றில்லை. இடது தோளைச் சாய்த்துக் காவலரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, வலது பக்கம் நழுவுகிறாளே, அவள்தான். கூடைப்பந்துதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையன்களிடம் இதைக் காட்டுங்கள். அங்கேயும் இதே ஏய்ப்புதான் வேண்டும்.

கேள்வி: காலால் தட்டி ஆடும் சிப்பாதானே அங்கே தேசிய விளையாட்டு?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 2009இல் 9850ஆம் எண் குடியரசுச் சட்டம் ஆர்னிஸ் என்ற கம்புச்சண்டையைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. அதற்காகச் சிப்பாவை விட்டுவிடாதீர்கள். துளையுள்ள உலோக வில்லையில் பிளாஸ்டிக் இழைகளைக் கட்டினால் போதும், காலால் தட்ட ஆரம்பிக்கலாம்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: வெற்றிக்குப் போடாதீர்கள், தயவுசெய்து. தெருவில் இந்த ஆட்டங்களுக்கு நடுவரே கிடையாது. "தொட்டேன்", "தொடல" என்று சண்டைபோட்டு அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். நீங்கள் உடனே விசில் ஊதினால் ஆட்டத்தில் பாதி போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். விதியைப் பேசி முடிவுசெய்த விதத்தைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

இன்னொன்று, 'சாலிங் பூசா' என்று குட்டிப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அவுட் இல்லை. ஜெயித்தால் மதிப்பெண் என்றதும் முதலில் வெளியேற்றப்படுவது இவர்கள்தான்.

கேள்வி: தும்பாங் பிரேசோவுக்குச் செருப்பு வேண்டுமே, பிள்ளைகள் ஷூ போட்டல்லவா வருகிறார்கள்?

பதில்: பழைய ரப்பர் செருப்பு ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு காலி பால் டின். டின் விழுந்ததும் எல்லாரும் செருப்பை எடுக்க ஓடுவார்கள். காவல்காரர் டின்னை நிமிர்த்தி வைத்த பிறகுதான் யாரையும் தொடலாம். சிமெண்ட் தரையில் செருப்பு நெடுந்தூரம் வழுக்கிப் போகும், அதனால் சுவரிலிருந்து தள்ளியே டின்னை வையுங்கள்.