ராக் பாடும் மகள் இசை நாடக மேடைக்குப் போக விரும்பினால்: பல்லடத்துத் தந்தை ஒருவருக்கு எழுதியது

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்களும் தங்கள் துணைவியாரும் ஈரோட்டிற்கு வந்து என்னிடம் பேசினீர்கள். கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், கல்லூரி ராக் பேண்டில் பாடுவதோடு நிற்காமல், படிப்பை இடையில் விட்டு மும்பைக்குச் சென்று இசை நாடகங்களில் பாடி நடிக்கப் போவதாகச் சொல்வதைக் கேட்டதிலிருந்து தங்களுக்குத் தூக்கமில்லை என்றீர்கள். இது சோறு போடும் தொழிலா என்று உரக்கக் கேட்டீர்கள். நம் வீட்டுப் பெண் மேடையேறி நடிக்கலாமா என்பதைப் புறப்படும்போது தாழ்ந்த குரலில் கேட்டீர்கள். அந்த இரண்டாவது கேள்விதான் தங்களை அதிகம் வருத்துகிறது என்று எனக்குத் தோன்றியதால், அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன்.

பல்லடத்திலிருந்து ஒரு காலை நேரப் பயணத்தில் சென்று சேரக்கூடிய கொடுமுடியில்தான் 1908-ஆம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாள் பிறந்தார். வறுமையில் வளர்ந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஒலிபெருக்கியின் துணையில்லாமல் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடி நடித்தவர் அவர். எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்த நாடகங்களைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். 1951-இல் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். பாடிக்கொண்டே நடிப்பது எங்கிருந்தோ வந்து தங்கள் மகளைப் பிடித்துக்கொண்ட பழக்கம் அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வரன் பார்க்கும் காலத்தில் சிலர் தயங்குவார்கள் என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது ஆலோசகருக்கு அழகில்லை. ஆனால், யார் தயங்குவார்கள் என்று இப்போதே கணக்குப் பார்த்து ஒரு பெண்ணின் உழைப்பை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, இது தொழிலா என்ற கேள்வி. ராக் பாடகர்கள் இசை நாடகங்களில் நடிப்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. 1970-களில் ராக் பாடகியாகப் பெரும்புகழ் பெற்ற லிண்டா ரான்ஸ்டாட், 1980 கோடையில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் திறந்தவெளி அரங்கிலும், 1981-இல் அந்நகரின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலகு ஓப்பரா (பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகம்) ஒன்றில் நடித்தார். அந்த வேடத்திற்கு, அவர் ராக் பாடிய குரல் போதாது. மெல்லியதும் மிக உயர்ந்ததுமான இன்னொரு குரலை அவர் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆடம் பாஸ்கல் என்பவர் ராக் பேண்டில் பாடிக்கொண்டிருந்தவர். நாடக அனுபவமே இல்லாத நிலையில் 1996-இல் ‘ரென்ட்’ என்ற ராக் இசை நாடகத்தின் முக்கிய வேடத்திற்குத் தேர்வானார். அந்த நாடகம் 2008 வரை பிராட்வேயில் 5,123 முறை நடந்தது.

தங்கள் மகள் என்னிடம் தொலைபேசியில் பேசியபோது பாஸ்கலின் கதையைத்தான் முதலில் சொன்னார். அவர் தேர்வானது மகளுக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்கோ, அதன் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதே பெரிதாகத் தெரிகிறது. பிராட்வேயில் வாரத்திற்கு எட்டுக் காட்சிகள் என்பது வழக்கம். பேண்டில் பாடுபவர் அன்றைய மனநிலைக்கு ஏற்பப் பாட்டை நீட்டலாம், சுருக்கலாம், கூட்டத்தைப் பார்த்துக் கத்தலாம், தொண்டை சரியில்லை என்றால் சுருதியைக் குறைக்கச் சொல்லலாம். இசை நாடகத்தில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. நேற்றுப் பாடிய அதே சுருதியில், இசை நடத்துநரின் கையசைவுக்கு, நடன அசைவு தவறாமல், விளக்கு விழும் அதே இடத்தில் நின்று, அந்தப் பாத்திரம் முதல் முறையாக அழுவதைப் போல நூறாவது முறையும் பாட வேண்டும். ஒவ்வொரு சொல்லும் கடைசி இருக்கைக்குத் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். ஏனெனில் பாட்டில்தான் கதை நகர்கிறது. நாள் முழுவதும் ஒரே சீராக நெய்து, எந்த மீட்டரிலும் குறை இல்லாத துணியைத் தர வேண்டிய தறிக்காரரான தங்களுக்கு இந்த உழைப்பின் தன்மை மகளைவிட எளிதாகப் புரியும்.

இந்த உழைப்பைத் தாங்க வேண்டியது குரல். இதைப் பற்றி மகளிடம் எவரும் இதுவரை பேசவில்லை என்பது என் பெரிய கவலை. பெண் பாடகர் ஒருவர் உரத்து எட்டிப் பிடிக்கும் உச்ச சுரங்களில், தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் நொடிக்கு 500 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதித் திறக்கின்றன. தவறான அழுத்தத்தோடு மாதக்கணக்கில் கத்திப் பாடினால், தறி வேலையில் உள்ளங்கை காய்த்துப் போவதைப் போல அந்த நாண்களின் ஓரத்தில் சிறு முடிச்சுகள் உண்டாகும். குரல் கரகரக்கும், மெல்லப் பாடும்போது ஓசையில்லாமல் காற்று மட்டும் வரும், உச்ச சுரங்கள் கைவிட்டுப் போகும். தொடக்கத்தில் கண்டுகொண்டால் ஓய்வும் குரல் பயிற்சியும் பெரும்பாலும் போதும். பேண்டுகளில் கிட்டாரும் டிரம்மும் பேரோசை எழுப்பும்போது தன் குரல் தனக்கே கேட்காமல் பாடகர் மேலும் மேலும் அழுத்துவதே இந்தச் சேதத்தின் முக்கியக் காரணம். ஆகவே ரிகர்சலில் மகளுக்கு எதிரே, தன் குரல் தனக்கே கேட்பதற்கான மானிட்டர் ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ராக் பாடகரின் கரகரப்புக் குரலையும் முழக்கத்தையும் நாண்களுக்குச் சேதமில்லாமல் உண்டாக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்த ஆசிரியரிடம் கற்க வேண்டுமே தவிர, காணொலியைப் பார்த்துத் தானே முயலக் கூடாது. இந்த மாதமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சிறு கேமரா மூலம் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரப்பு இருந்தால், மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனத்தில் குரல் வல்லுநர்களைப் பார்க்கலாம். சத்தியமங்கலம் வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். மூன்றாண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர் இதைச் செய்யாமல் ஓராண்டை இழந்தார். அவரிடம் நான் முன்பே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்குண்டு.

நம் நாட்டில் வாய்ப்பு எப்படி இருக்கிறது என்றால், வளர்கிறது, ஆனால் குறுகியது. ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002-இல் லண்டனிலும் 2004-இல் பிராட்வேயிலும் அரங்கேறியது. 2016-இல் மும்பையில் தொடங்கிய ‘முகல்-ஏ-ஆசம்’ இசை நாடகத்தில் நடிகர்கள் மேடையிலேயே நேரடியாகப் பாடினார்கள். 2023-இல் மும்பையில் திறக்கப்பட்ட நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்திற்கு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்தது; ஆனால் அதில் நடித்தது வெளிநாட்டுக் குழு. இங்கே தயாராகும் பெரிய இசை நாடகங்களில் பலவும் இந்தியில் இருப்பதால், அதன் உச்சரிப்பு கைவராமல் மும்பைக்குப் போவதில் பயனில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து ஓடும் நாடகம் இங்கே அரிது. ஒரு நாடகம் முடிந்து அடுத்தது வரும்வரை கல்லூரி விழாக்கள், திருமண நிகழ்ச்சிகள், விளம்பரப் பாடல்கள், குரல் வகுப்புகள் எனப் பல இடங்களிலிருந்து வருமானம் சேர்க்க வேண்டும். தறி ஓடிய மீட்டருக்குத்தான் கூலி என்பதைப் போல, நடித்த காட்சிக்குத்தான் பணம். இந்த நிலையை மகள் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படிப்பை விடுவது பற்றி என் கருத்தில் ஐயமே இல்லை, விடக் கூடாது. தறிக்கொட்டகைக்கு ஒரு பொறியாளர் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. புது தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரவே பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும்; குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றிருக்கவும், இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். சேர்ந்த மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. வயது வரம்பு உள்ளிட்ட விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகத்தில் முதுகலை படிக்கவும் பட்டம் வேண்டும். எனவே, படிப்பை விட்டால் மேடை அருகில் வரும் என்று மகள் நினைப்பது தவறு. முறையான நாடகக் கல்வியின் கதவுகள் பட்டத்தோடுதான் திறக்கின்றன.

மீதமிருக்கும் இரண்டு ஆண்டுகளில் அந்த ஆறு நாடகங்களை முடிக்க முடியும். கல்லூரி நாடகக் குழுவில் சேரட்டும், தமிழில் நடிக்கட்டும். பாத்திரமாக நின்று பேசத் தெரியாத பாடகருக்கு இசை நாடகத்தில் இடமில்லை. வாரத்தில் இரண்டு மாலை குரல் பயிற்சியும், ஒரு மாலை நடனமும் போதும். இசையைக் குறியீடு பார்த்துப் படிக்கவும் அவர் கற்க வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ராக் அண்டு பாப் இசைத் தேர்வுகள் எட்டாம் கிரேடு வரை இருப்பதால் அந்தப் பயிற்சிக்கு ஒரு படிவரிசை கிடைக்கும். அத்துடன், நம் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுபவர் ஒருவரை நம் பகுதிக் கோயில் நோம்பியில் (திருவிழாவில்) ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்கட்டும். பொன்னராகவும் சங்கராகவும் தங்காளாகவும் ஒரே குரலை மாற்றி மாற்றி, விடியும்வரை தளராமல் அவர் கதையை நடத்திச் செல்வதில், மகள் கற்க விரும்பும் கலையின் பெரும்பகுதி இருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மகளையும் அழைத்துக்கொண்டு மூவரும் வாருங்கள். வரும்போது மருத்துவர் தரும் குறிப்பும், மூன்று ஒலிப்பதிவுகளும் வேண்டும்: பேண்டோடு பாடிய ஒரு பாட்டு, எந்தக் கருவியும் இல்லாமல் மெல்லப் பாடிய ஒரு பாட்டு, பாட்டே இல்லாமல் ஒரு பாத்திரமாகப் பேசிய இரண்டு நிமிட வசனம். அதுவரை வீட்டில் இதைப் பற்றிச் சண்டை வேண்டாம் என்று தங்கள் துணைவியாரிடமும் சொல்லுங்கள். மகளிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் ஆலோசகர்,
ஈரோடு