எண்ணெய் மேடையில் தண்ணீர் சோதிக்கிற வேலை

தம்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு நோர்வே வந்திருக்கிறீர். கடல் எண்ணெய் மேடையில் கழிவுநீரைச் சோதிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர். நான் பல வருஷமாகச் செய்கிற வேலை அதுதான்.

இரண்டு கிழமை கடலில், நான்கு கிழமை வீட்டில். அது பழகிவிடும். வேலையைத்தான் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்க் கிணற்றுக்கு வயது போகப்போக எண்ணெயைவிடத் தண்ணீர்தான் கூட வரும். அதை ஹைட்ரோசைக்ளோன் குழாய்களில் வேகமாகச் சுழலவிட, தயிர் கடைய வெண்ணெய் திரள்வது மாதிரி எண்ணெய் நடுவில் சேர்ந்து பிரியும். மிச்சத்தை வாயுக்குமிழ்கள் மேலே தூக்கும். வடகிழக்கு அத்லாந்திக் கடலைப் பாதுகாக்க நாடுகள் செய்த ஒஸ்பார் உடன்படிக்கையின்படி கடலில் விடும் நீரில் எண்ணெய் மாதச் சராசரியாக லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் நீரில் கரைந்திருக்கும் பீனோல்கள் என்கிற நச்சுப் பொருட்கள் இந்த இரண்டுக்கும் அவ்வளவாகப் பிடிபடாது. அதனால் நீரைத் திரும்பப் பாறைக்குள்ளேயே செலுத்துவதுதான் மேல் என்பேன். அப்படிச் செலுத்துகிற பம்பி நின்றுபோகிற நாளில் நீர் கடலுக்குத்தான் போகும்; அப்போது எல்லாம் நீர் மாதிரி எடுக்கிற போத்தலில்தான் இருக்கிறது.

மாதிரி எடுக்கும்போது, குழாயில் தேங்கிய நீர் போய் முடியும் மட்டும் ஓடவிடும். கண்ணாடிப் போத்தலை அந்த நீரால் அலசக்கூடாது. கிணற்றடியில் வளர்ந்த கை தன்பாட்டில் அலசப் போகும், கவனம். அலசினால் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டி, அளவைக் கூட்டிக் காட்டும்.

எனக்கு முதல் வருஷம் ஒருநாள் லீற்றருக்கு 41 மில்லிகிராம் வந்தது. நான்தான் ஏதோ பிழை விட்டேன் என்று பயந்து, கட்டுப்பாட்டறைக்குச் சொல்லாமல் திரும்பத் திரும்பச் சோதித்தேன். இரண்டு மணித்தியாலம். ஒரு ஹைட்ரோசைக்ளோன் குழாய் அடைபட்டிருந்திருக்கிறது. அவ்வளவு நேரமும் அந்த நீர் கடலுக்குள் போனது. மேலாளர் ஏசவில்லை, "ஏன் உடனே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. பெரியவர்களிடம் குறை சொல்லத் தயங்குவது எங்கள் வளர்ப்பு. இங்கே அந்தத் தயக்கம் கடலுக்குக் கெடுதல். சந்தேகம் என்றாலும் முதலில் போனை எடும், பிறகு சோதியும்.

அப்புறம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நேரம், வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்த சனம் நாங்கள். போத்தலை மூடமுன் உமக்கும் கை மூக்கடிக்குப் போகும். செய்யாதேயும், அதில் புற்றுநோயைத் தரக்கூடிய பென்சீன் இருக்கும்.