அப்பாவின் நுரையீரலில் 7 மில்லிமீட்டர் முடிச்சு: 6 மாதம் காத்திருப்பது சரியா?

கீழே விழுந்த 74 வயதுத் தந்தைக்கு எடுத்த சிடி ஸ்கேனில், எதிர்பாராமல் நுரையீரலில் 7 மில்லிமீட்டர் முடிச்சு (சிறு திசுத் திரட்சி) தென்பட்டதையும், 6 மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுக்கலாம் என்று மருத்துவர் கூறியதால் நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இடைவெளி அலட்சியம் அன்று. 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள ஒற்றைத் திண்ம முடிச்சுக்கு 6 முதல் 12 மாதங்களில் மறு ஸ்கேன் எடுக்கலாம் என்பதே நெஞ்சுப் படவியல் வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இவ்வளவு சிறிய முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதாலும், ஊசி செலுத்தித் திசு எடுத்தால் நுரையீரலிலிருந்து காற்றுக் கசியும் அபாயம் இருப்பதாலும், அது வளர்கிறதா என்று கவனிப்பதே பாதுகாப்பான வழி. காசநோய் பரவலாக இருந்த அக்காலச் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு, எப்போதோ ஆறிய தொற்றின் தழும்பும் இப்படித் தெரியலாம்.

முடிச்சு திண்மமானதா, பனிமூட்டம் போன்றதா, சுண்ணாம்பு படிந்துள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ முன்பு எடுத்த நெஞ்சுப் படங்கள் இருந்தால், ஒப்பிடச் சொல்லுங்கள். என் பார்வையில் இப்படி ஒப்பிடச் சொல்வதே மிகவும் பயனுள்ளது.

உங்கள் அப்பா புகைத்ததில்லை என்பது ஆறுதலே. ஆனாலும், புகைக்காத ஆசியர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதுண்டு என்பதால், மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சளியில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தென்பட்டால், அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

அப்பாவிடம் மறைக்காதீர்கள். மருத்துவர் சொன்னதை அவருக்குப் புரியும் சொற்களில் நிதானமாகச் சொல்லிவிட்டு, மறு ஸ்கேனுக்கு அவருடன் நீங்களும் செல்லுங்கள்.