டிஸ்லெக்சியா உள்ள ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவைக் கவனிக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் 26 வயதுத் தம்பி கெட்டிக்காரர். எந்த டீலருக்கு எந்த மாடல், எந்த லாரி எப்போது கிளம்பியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் இன்வாய்ஸ் எண்ணை மாற்றி அடித்துவிடுகிறார், மெயிலில் ஏகப்பட்ட பிழை. போன வாரம் தனியாக வந்து, தனக்கு டிஸ்லெக்சியா இருப்பதைப் பள்ளியிலேயே கண்டுபிடித்தார்கள் என்றார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றுவதா? சலுகை காட்டினால் மற்றவர்கள் முணுமுணுப்பார்களே?

பதில்: மாற்ற வேண்டாம். டீலரையும் லாரியையும் இப்படி மனதில் வைத்திருக்கிற ஆள் டெஸ்பாட்சுக்குக் கிடைப்பது அபூர்வம். வேலை அவருக்குத் தெரிகிறது. நடுவில் வரும் எழுத்தும் எண்ணும்தான் தட்டுகிறது. டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வயதானால் போய்விடுவதும் இல்லை. "கொஞ்சம் கவனமா இருப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பதற்றம் கூடினால் பிழையும் கூடத்தான் செய்யும்.

முதலில் அவரோடு உட்கார்ந்து, போன மாதம் நடந்த தவறுகளை எடுத்துப் பாருங்கள். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு திரையில் அடிக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவை நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஜிஎஸ்டி எண் ஒன்றே எழுத்தும் எண்ணும் கலந்த 15 குறிகள். அதைப் பார்த்து அடிப்பது யாருக்கும் கண்ணைக் கட்டும். இவருக்கு இன்னும் கஷ்டம். ஆகவே அடிக்கும் வேலையையே குறைக்கப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் இன்வாய்ஸ், கட்டாயம். உங்கள் கம்பெனியும் அதில் வரும் என்றால், இன்வாய்ஸ் எண், தேதி, இரு தரப்பு ஜிஎஸ்டி எண், தொகை எல்லாம் ஏற்கெனவே அந்த இன்வாய்ஸில் உள்ள கியூஆர் குறியீட்டில் இருக்கின்றன. அதை ஸ்கேனரால் படித்துக்கொள்ளலாம். சரக்கு லாரியோடு போக வேண்டிய இ-வே பில்லையும் அதே தகவலிலிருந்தே எடுக்கலாம், மறுபடி அடிக்கத் தேவையில்லை. மிஞ்சுவது லாரி எண். டிரைவரை நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாநிலம், ஆர்.டி.ஓ. அலுவலக எண், எழுத்து, கடைசி எண் என்று நான்கு துண்டாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதிவு செய்யட்டும்.

மெயிலுக்கு, வேர்டிலும் அவுட்லுக்கிலும் எழுதியதைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. கண் தாண்டிப்போன விடுபட்ட சொல்லையும் இடம் மாறிய எண்ணையும் காது பிடித்துவிடும். ஆனால் 'அரை டன்' என்பது 'அறை டன்' ஆகியிருந்தால் காதும் பிடிக்காது. இரண்டும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் விட்டுவிடும். அங்கே டெம்ப்ளேட்தான் கைகொடுக்கும். டெஸ்பாட்ச் மெயில்கள் அநேகமாக நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். பிழையில்லாமல் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அப்புறம் பெயரும் தேதியும் மட்டும்தான் மாறும். புதிதாக எழுத வேண்டியதை போனில் பேசியே தட்டச்சு செய்யலாம். கூகுள் கீபோர்டு தமிழையும் எடுத்துக்கொள்ளும்.

டிஸ்லெக்சியாவுக்கென்று தனி எழுத்துருக்கள் விற்கிறார்கள். அவற்றால் வாசிப்பு உறுதியாக மேம்படும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வழக்கமான எளிய எழுத்துருவைக் கொஞ்சம் பெரிதாக்கி வரி இடைவெளியைக் கூட்டினாலே போதும், செலவு வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மீட்டிங்கில் திடீரென்று தாளை நீட்டி "நீ படி" என்று சொல்லாதீர்கள். வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து வாசிக்கச் சொன்ன நாட்களை இவர்கள் பலர் இன்னும் மறக்கவில்லை. வாசிக்க வேண்டியது இருந்தால் முந்தின நாளே கொடுங்கள். போர்டில் வேகமாகக் குறிப்பெழுதும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். நீளமான உத்தரவை வாயால் சொல்லிவிட்டு, வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்.

மற்றவர்கள் முணுமுணுப்பது பற்றி: ஸ்கேனரையும் டெம்ப்ளேட்டையும் பிரிவில் எல்லோருக்குமே கொடுங்கள். எல்லோருடைய பிழையும் குறையும்; யாருக்காக இது வந்தது என்ற கேள்வியும் எழாது. அவர் உங்களிடம் நம்பிச் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் மேலதிகாரியிடமோ சக ஊழியரிடமோ சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா இதில்தான் வரும்), 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அதன் 21-ஆம் பிரிவின்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து அறிவிக்க வேண்டும். உங்கள் எச்.ஆரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று அரசு வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் தேவை. நான் மேலே சொன்ன மாற்றங்களுக்காக அவரைச் சான்றிதழ் கேட்டு அலையவிட வேண்டாம், திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.